மார்கழியில் கடலோரம் போகிறவர்

மாமா சாப்பிட உட்காரும்போது முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் தட்டு எங்கே என்று முடிவாகும். ஒரு நாள் சமையலறைக் கதவுக்கு நேராக உட்காருவார். மறுநாள் புழக்கடை வாசற்படியில். இன்னொரு நாள் கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில். அக்கா சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பாள். பார்க்கிறவர்களுக்கு அது சிரிப்பு, எனக்கு எரிச்சல். ஆம்பூரில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால்தான் என்ன? நாலு பக்கமும் தோல் பதனிடுகிற தோல்ஷாப்பு.

அவர் என் அக்காவின் கணவர். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தோல்ஷாப்பு ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டு அவர்கள் வீட்டிலேயே சாப்பாடும் படுக்கையுமாக இருந்தேன். அதே தோல்ஷாப்பில் மாமா பிக்கப் வண்டி ஓட்டினார். யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட வண்டி. முதலாளி சாயபு அதை வாங்கி, பின்பக்கத்துக்குத் தார்ப்பாய் கட்டி, சந்தைகளிலிருந்து பச்சைத் தோல் ஏற்றிவர வைத்திருந்தார். தெருவில் யாரும் மாமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிக்கப்காரர் என்றுதான் சொல்வார்கள்.

நெடுநெடுவென்று ஒல்லியான ஆள். கண் எப்போதும் பாதி மூடினாற்போலவே இருக்கும். காலையில் எழுந்ததும் "அலுப்பா இருக்குது மச்சான்" என்பார். வேலை முடிந்து வந்தாலும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் அதேதான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா மாமா செஞ்சீங்க, இவ்ளோ அலுப்பு வர்றதுக்கு?" என்று கேட்டேன்.

"மூச்சு வுட்டேன்" என்றார்.

குறும்புக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஊர் நாற்றம் தெரியாது. சுண்ணாம்புக் குழியும் ஊறுகிற பட்டையும் ஈரத் தோலும் சேர்ந்து வருகிற வாடை அது. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருப்பதால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. ரயிலை விட்டு இறங்கியதும் துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டால் வெளியூர் ஆசாமி என்று புரிந்துகொள்வோம். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூட மூச்சை அடக்கிக்கொண்டு குடித்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

மாமாவும் அதே ஊரில் பிறந்தவர்தான். யுத்தத்தின்போது பட்டாளத்து வண்டி ஓட்டப் போய், கடலோரத்து முகாம் ஒன்றில் சில வருஷம் இருந்தார். அங்கே அவருடைய மூக்கு திறந்துவிட்டது. யுத்தம் முடிந்து ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியவர் ஜட்கா வண்டிக்காரரிடம், "ஊர்ல இன்னாப்பா செத்துப்போச்சு?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லித் தெரு முழுக்க வெகு காலம் சிரித்தது. பத்து நாளில் சரியாகிவிடும் என்றார்கள். மற்றவர்களுக்குச் சரியாகத்தான் போகும். மாமாவுக்குப் போகவில்லை. வருஷங்கள் ஆன பிறகும் அவர் அன்றைக்குத்தான் ரயிலைவிட்டு இறங்கியவரைப்போல எங்களோடு வாழ்ந்துகொண்டிருந்தார். வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்பதால் சொல்வதை நிறுத்திவிட்டார். அதனால் எங்களுக்கும் அது மறந்துபோயிற்று.

மார்கழி வந்தால் அவரால் முடியாது. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து பனி இறங்கி ஊர்மேல் மூடி போட்டாற்போல உட்கார்ந்துவிடும். புகை மேலே ஏறாது. பாலாற்றுக் காற்றும் வராது. தோல் காயாததால் அந்த மாதத்தில் வேலையும் மந்தம். மாமா சாயபுவின் முன்னால் போய் நிற்பார். கடலோரம் போய்க் கிளிஞ்சல் வாங்கிவருகிறேன், குழிக்குச் சுண்ணாம்பு சுடலாம் என்பார். கிளிஞ்சலைவிடப் பெட்ரோலுக்கு அதிகம் ஆகும் என்பது சாயபுவுக்குத் தெரியாதா? ஆனாலும் மீதி வருஷமெல்லாம் எந்த லோடுக்கும் மாட்டேன் என்று சொல்லாத டிரைவர்.

"போய்ட்டு வாப்பா. நாள் ஜாஸ்தி ஆக்காதே, பேஜாராயிடும்" என்பார் சாயபு.

அரிசி, மிளகாய், மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு தட்டு, ஒரு தம்ளர், அரிக்கேன் விளக்கு, கயிற்றால் கட்டிய தண்ணீர்ப் பானை. பழவேற்காட்டில் ஆரம்பித்து மரக்காணம் வரைக்கும் கடலை ஒட்டியே போவார். இஷ்டப்பட்ட இடத்தில் வண்டியை நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டு, தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக்கொள்வார். மூன்று வாரம் இப்படி. யாரையும் கூட்டிப் போக மாட்டார். கிளீனருக்கும் லீவு கொடுத்துவிடுவார். நான் ஒரு தடவை வருகிறேன் என்றதற்கு வண்டியில் இடமில்லை என்றார். ஒரு மந்தை ஆட்டின் தோல் ஏறுகிற வண்டியில் எனக்கு இடமில்லையாம்.

இப்படிப் போகிற ஆண்பிள்ளையைப் பற்றித் தெரு என்ன சொல்லும் என்று சொல்லவேண்டியதில்லை. தோல் வாங்கப் போகிறவர்கள் போன இடத்தில் இன்னொரு வீடு வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் நடக்காத சங்கதியல்ல. அக்காவுக்குக் குழந்தையும் இல்லை. எதிர்வீட்டு அம்மாள், "கடலோரத்துல ஒருத்தி இருப்பா. இல்லாட்டி அங்க இன்னா, உப்புக்காத்தா கொஞ்சுது?" என்று அக்காவின் காதில் விழும்படியே சொன்னாள்.

அக்கா கொஞ்ச நாள் அதைக் காதில் வாங்காதவள் மாதிரிதான் இருந்தாள். அவளைக் கலைத்தது ஒரு சட்டை. அந்த வருஷம் மாமா திரும்பிவந்து கழற்றிப்போட்ட சட்டையை என்னிடம் விரித்துக் காட்டினாள்.

"இத்தப் பாருடா. போம்போது போட்டுக்கினு போன அதே சட்டை. மூணு வாரம் போட்ட சட்டையா இது? காலர்ல அழுக்கு இருக்குதா? அப்போ இத்தினி நாளும் எதைக் கட்டிக்கினு இருந்தாரு? போன வருசம் தீபாவளிக்கு எடுத்த வேட்டி எங்க? வூட்ல இல்லியே?"

அதோடு அவர் ஒவ்வொரு தடவையும் திரும்பிவந்தபின் ஒரு மாதத்துக்கு வீட்டுக்குள் படுக்கமாட்டார். தைமாதக் குளிரில் கயிற்றுக் கட்டிலைத் தெருவில் போட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார். உள்ளே அக்கா தனியாகக் கிடப்பாள்.

அடுத்த மார்கழியில் மாமா கிளம்பிப் போனதும் அக்கா என்னை ஆபீசுக்கு லீவு போடச் சொன்னாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வாடா. ஒருத்தி இருந்தா இருக்கட்டும், நான் அம்மா வூட்டுக்குப் போயிடறேன். கொழந்த கிழந்த இருந்துச்சின்னா..." என்று நிறுத்தினாள். பிறகு, "கூட்டினு வரச் சொல்லு. நான் வளர்க்கறேன்" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு மாமாவை அடிக்கவேண்டும் போல வந்தது.

மெட்ராசுக்குத் தோல் ஏற்றிப்போகும் லாரி டிரைவர் ஒருவர், சதுரங்கப்பட்டினம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் அந்த வண்டியைப் பார்த்திருப்பதாகச் சொல்லியிருந்தார். செங்கல்பட்டு வரைக்கும் ரயிலில் போய் அங்கிருந்து பஸ் ஏறினேன். சலவைச் சட்டை போட்டுத் தலைசீவி, ஆபீஸ் குமாஸ்தா என்று பார்த்தாலே தெரிகிற மாதிரிதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து முன்சீட்டுக்குப் போனார். கூடைக்காரக் கிழவி ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்து, "தோல் யாவாரமா தம்பி?" என்றாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று பஸ்ஸை விட்டு இறங்கும் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

உச்சிவெயிலில் தோப்பைக் கண்டுபிடித்தேன். பிக்கப் கடலைப் பார்த்தபடி நின்றது. மாமா நிழலில் துண்டை விரித்து மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது, நெஞ்சு நிதானமாக ஏறி இறங்கியது. கன்னத்தில் சதை போட்டிருந்தது. வீட்டில் அவர் இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எழுப்புவதற்கு முன்னால் வண்டியைச் சோதனை போட்டேன். ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு பாய். கொண்டை ஊசியோ காய்ந்த பூவோ உடைந்த வளையலோ எதுவும் இல்லை. தீபாவளி வேட்டி மட்டும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. வண்டியின் அடிப்பலகைகளும் வேறாக இருந்தன. வழக்கமாகத் தோல் தண்ணீர் ஊறிக் கறுத்துக் கிடக்கும் பலகைகள் இல்லை. வெளுத்துச் சுத்தமாக, மரவாசனையோடு இருந்தன.

"வா மச்சான். அக்கா நல்லாருக்குதா?"

விழித்துக்கொண்டுவிட்டார். என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"அது அனுப்பிச்சிதான் வந்தேன்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ரொம்பத் தயங்கி, "கொஞ்சம் அந்தாண்ட வந்து உட்காரேன்" என்று வலதுகைப் பக்கம் காட்டினார். நிழலுக்காகச் சொல்கிறார் என்று போய் உட்கார்ந்தேன். அங்கே நிழலே இல்லை. கடற்காற்று முதலில் அவர்மேல் பட்டு அப்புறம்தான் என்மேல் படுகிற இடம் அது. பஸ்ஸில் எழுந்துபோனவரும் கிழவியும் அப்போதுதான் எனக்கு விளங்கினார்கள். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"ஏன் மாமா, நான் நாறுறனா?"

"நீ மட்டும் இல்ல மச்சான். ஊரே."

"அக்காவுமா?"

மணலைக் கையில் அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுக்கொண்டே சொன்னார்.

"சாயங்காலத்துல தலைவாரிப் பூ வெச்சிக்கினு வந்து நிக்கும். மல்லிப்பூவுக்கு அடியில சுண்ணாம்புக் குழி அடிக்கும். அதும்மேல தப்பு ஒண்ணும் இல்ல. ஊர்த் தண்ணி அப்படி. கிட்டத்துல வரச்சொல்ல நான் மூச்ச அடக்கிக்குவேன். அது தெரிஞ்சிடக்கூடாதுன்னு எழுந்து வெளிய போயிடுவேன்."

"அத்தச் சொல்லித் தொலைக்கறதுதானே? இங்க ஒரு தபா கூட்டினு வரக்கூடாதா?"

"அது வந்தா ஊரே வந்துடும் மச்சான். எனக்கு வருசத்துக்கு இந்த மூணு வாரம்தான் மூச்சு."

வேட்டியைப் பற்றியும் பலகைகளைப் பற்றியும் நானே கேட்டேன். வேலூருக்குப் பக்கத்தில் அணைக்கட்டு என்கிற ஊரில் பட்டாளத்துக் கூட்டாளி ஒருவருக்கு நிலம் இருந்தது. அங்கே பம்ப்செட் கொட்டகையில் ஒரு ஜோடி துணியும் பாயும் வண்டிக்கு மாற்றுப் பலகைகளும் வருஷம் முழுக்கக் காத்திருக்கும். போகும்போது அங்கே குளித்துத் துணி மாற்றிப் பலகை மாற்றிக்கொண்டு கடலுக்குப் போவார். வரும்போது பழையபடி மாற்றிக்கொண்டு ஊருக்கு வருவார். நல்ல துணியை ஆம்பூருக்குள் கொண்டுவந்தால் அதற்கும் பிடித்துக்கொள்ளும் என்றார். திருட்டுச் சாமான் வைத்திருக்கிறவரைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு இதையெல்லாம் சொன்னார். சின்ன வீடு என்று தெருவே பேசியது ஒரு பம்ப்செட் கொட்டகையைப் பற்றி.

மறுநாள் சாயங்காலம்வரை அங்கே இருந்தேன். மீன்குழம்பு வைத்துப்போட்டார், பிரமாதமாக இருந்தது. கடலில் விழுந்து தேய்த்துக் குளித்துவிட்டு வந்து அவர் முன்னால் நின்றேன். லேசாக மூக்கைச் சுளித்துப் பார்த்து, "பரவால்ல, கொஞ்சம் கம்மி" என்றார். கோபமும் பரிதாபமுமாக எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்குள் கால் வைக்கும்போதே அக்கா, "யாருடா?" என்றாள்.

"யாரும் இல்லக்கா."

அவள் நம்பவில்லை. மல்லிப்பூ வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முந்தானையை முகர்ந்தாள், உள்ளங்கையை முகர்ந்தாள், பின்னலை முன்னால் இழுத்துப்போட்டு முகர்ந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியேடா" என்றாள். பின்னலை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, "ஒருத்தி இருந்திருந்தா தேவலாம். மயிரப் புடிச்சிச் சண்டையாவது போட்டிருப்பேன். இத்த எங்க போய்ப் புடிக்கறது?" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மாமா வந்தபின் சண்டை எதுவும் நடக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க அக்கா குளித்துக்கொண்டே இருந்தாள். சீயக்காய், கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. கை சிவந்து தடித்துப்போயிற்று. மாமா ஒருநாள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "வுட்டுடு. இது தேய்ச்சாப் போற சங்கதி இல்ல" என்றார். சொல்லிவிட்டு அன்றைக்கு எங்கேயும் எழுந்து போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். நெற்றியில் வியர்வை வழிய ஒவ்வொரு கவளமாக விழுங்கினார். என்னால் அதைப் பார்க்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

மார்கழி பிறந்தது. வண்டியில் அவர் தண்ணீர்ப் பானையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள்.

"நானும் வர்றேன்."

மாமா முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டார். கடைசியில், "வர்றதுன்னா கையில துணிமணி ஒண்ணும் எடுத்துக்க வேணாம்" என்றார்.

அதற்குமேல் நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேலூரில் புதுப்புடவை வாங்கி, மடிப்புக் கலையாமல் அணைக்கட்டுக்கு எடுத்துப் போனார்கள். பம்ப்செட் தண்ணீரில் அவள் தலைமுழுகிப் பழையதையெல்லாம் மூட்டை கட்டிக் கொட்டகையில் வைத்தாள். மாமா கொஞ்ச நேரம் தயங்கி நின்றாராம். அப்புறம் அவள் கழுத்தைக் காட்டி, "அந்தச் சரடு..." என்றாராம். மஞ்சள் கயிறு வருஷமெல்லாம் ஊர்த் தண்ணீரில் ஊறியது. மார்கழியில் யாராவது தாலிச்சரடு மாற்றுவார்களா? எதிர்வீட்டு அம்மாளுக்குத் தெரிந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள். அக்கா கொட்டகைச் சுவரோரம் உட்கார்ந்தாள். அவர் வேலூரிலேயே வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றில் மஞ்சளைத் தடவிக் கொடுக்க, பழையதைக் கழற்றாமல் புதியதைக் கட்டிக்கொண்டு, அதன்பிறகு பழையதை எடுத்தாள்.

மூன்று வாரம் நான் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டைக் காத்தேன். தை பிறந்து ஒருநாள் சாயங்காலம் பிக்கப் வந்து நின்றது. வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்துவிட்டு ஆசையாக வாசலுக்கு ஓடினேன். அக்கா இறங்கினாள். முகம் வெளிறிக் கிடந்தது. மூக்கில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டு, என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினாள். பிறகு அதற்காக வெட்கப்பட்டு என் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் அவளால் பேச முடிந்தது. திரும்பும் வழியில் அணைக்கட்டில் மூட்டையை அவிழ்த்ததும் பழைய புடவையைக் கீழே போட்டுவிட்டாளாம். "இத்தையா இத்தினி நாளும் கட்டிக்கினு இருந்தேன்" என்று கேட்டாளாம். பல்லைக் கடித்துக்கொண்டு அதையே கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். மாதனூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் மாமா வண்டியை நிறுத்தினார்.

ஏன் என்று கேட்டதற்கு, "இங்க கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் போவேன். பழக்கிக்கணும்" என்றார்.

அதற்குள் காற்று திரும்பி ஆம்பூர்ப் பக்கமிருந்து வீசியது. அக்கா வண்டியை விட்டு இறங்கிச் சாலையோரத்தில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். மாமா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு வருசமும் இங்க வந்து தனியா நின்னீங்களா?" என்று கேட்டாளாம்.

"நின்னேன்."

"அப்படியே திரும்பிப் போயிடலாம்னு தோணலியா?"

"தோணும்."

"அப்புறம் ஏன் போவல?"

"நீ வூட்ல இருக்கிறியே" என்றாராம். சொல்லிவிட்டுப் பானையிலிருந்து தண்ணீர் எடுத்து அவள் வாயைக் கழுவிவிட்டார்.

அவர் எதற்காக ஊரைவிட்டுப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எதற்காகத் திரும்பி வருகிறார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அக்காவுக்கும் அதுவரை தோன்றவில்லை.

மாசி மாதம் முடிவதற்குள் அக்காவின் மூக்கு பழையபடி ஆகிவிட்டது. மாமாவுக்கு ஆகவில்லை, கடைசிவரைக்கும் ஆகவில்லை. ஆனால் அந்த வருஷம் அவர் கட்டிலைத் தெருவில் போட்டது சில நாள்தான்.

அடுத்த மார்கழியில் வண்டிக்கு வேண்டிய அரிசியையும் மிளகாயையும் அக்காவே கட்டி வைத்தாள். அடுப்புக்குத் திரி மாற்றினாள். தட்டு ஒன்று, தம்ளர் ஒன்று. பிக்கப் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்தாள்.

"நீ போவலியாக்கா? அங்க நல்லாருந்துச்சின்னு சொன்னியே" என்றேன்.

"நல்லாதான் இருந்துச்சு. போறதுக்கு ஆசையாத்தான் இருக்குது" என்றாள். "திரும்பி வர்றதுக்கு எனக்குத் தெம்பு இல்லடா. நான் போனா அங்கியே உட்கார்ந்துடுவேன். அவரு வந்துடுவாரு."